தொப்பி இழந்த தளபதி

பிரபு குடும்பத்தில் பிறந்தோர் பலர். ஏழைச் சிப்பாயின் நெஞ்சில் இடம்பிடித்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜான் மேனர்ஸ் என்னும் கிரான்பி பிரபு.

1721இல் இங்கிலாந்தின் ரட்லண்ட் கோமகன் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார், கேம்பிரிட்ஜில் பயின்றார். 1661இல் தோன்றிய ‘புளூஸ்’ என்னும் நீலச் சீருடைக் குதிரைப்படைக்கு 1758இல் கர்னல் ஆனார். பிற்காலத்தில் அரச மெய்க்காவல் படைகளுள் ஒன்றாக உயர்ந்தது இப்படையே.

அது ஏழாண்டுப் போர்க்காலம். 1759இல் மிண்டன் களத்தில் பாய்ந்து செல்லத் துடித்தார் கிரான்பி. மேலதிகாரி சாக்வில் தடுத்துவிட்டார். குதிரைப்படைக்கு நேர்ந்த அந்த அவமானம் மறு ஆண்டே துடைக்கப்பட்டது. 1760 ஜூலை 31 அன்று ஜெர்மனியின் வார்பர்க்கில் பிரெஞ்சுப் படை மீது அவர் முன்னின்று பாய்ந்தார். தொப்பியும் பொய்முடியும் காற்றில் பறந்தன. வழுக்கைத் தலை வெயிலில் மின்ன, வென்று மீண்டார்!

1766இல் தலைமைத் தளபதியானார். ஆயினும் அவரது பெருமை பதவியில் இல்லை. ஊனமுற்ற பழைய வீரர்கள் பிழைக்க மதுவிடுதிகள் வைத்துக்கொள்ளப் பணம் தந்தார் என்பர். கொடுத்துச் சிவந்த கை அது. 1770இல் பெருங்கடனோடு மறைந்தார். தந்தை உயிரோடிருந்ததால் கோமகன் பட்டமும் அவருக்குக் கிட்டவில்லை.

1969இல் புளூஸ் படை வேறொரு படையுடன் இணைந்தது. தொப்பியின்றியும் வணக்கம் செலுத்தும் அதன் வழக்கம் வார்பர்க்கின் நினைவே என்பது படை மரபு. இங்கிலாந்து விடுதிப் பலகைகள் பலவற்றில் இன்றும் அவர் பெயர் உள்ளது.

பட்டம் தராத புகழைப் பரிவு தந்தது!