ஜோசப் ஓ'டுவையர்

ஜோசப் ஓ'டுவையர் (1841 - சனவரி 7, 1898) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு, கழுத்தை அறுக்காமல் வாய் வழியாகக் குரல்வளைக்குள் குழாய் பொருத்தும் முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர். இன்று அறுவை சிகிச்சையின்போது குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் பொருத்தப்படுவதற்கும், அது சரியான இடத்தில் உள்ளதா என உறுதி செய்யப்படுவதற்கும் இவரது பணி ஒரு முன்னோடியாகும்.

வாழ்க்கைக் குறிப்பு

ஓ'டுவையர் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள லண்டன் நகரில் கல்வி பயின்றார். பின்னர் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, பிளாக்வெல் தீவிலிருந்த மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கு இருமுறை வாந்திபேதி நோய்க்கு ஆளாகி மீண்டார். 1872 ஆம் ஆண்டில் நியூயார்க் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் மருத்துவராக நியமிக்கப்பட்டார். இவ்வில்லம் 1869 இல் கத்தோலிக்க அருட்சகோதரிகளால் தொடங்கப்பட்டதாகும்.

நோயும் சிக்கலும்

தொண்டை அடைப்பான் நோயில் தொண்டையில் பொய்ச்சவ்வு ஒன்று படர்கிறது. அது குரல்வளைக்குப் பரவினால் குழந்தை மூச்சுத் திணறி இறக்க நேரிடும். அக்காலத்தில் இருந்த ஒரே வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலைத் திறப்பதாகும். இல்லத்துக் குழந்தைகளிடம் இம்முறை பெரும்பாலும் பலனளிக்கவில்லை. 1858 இல் பாரிசு நகரில் யூஜின் பூசூ என்ற மருத்துவர் குரல்வளையில் சிறு உலோகக் குழாயைப் பொருத்தும் முறையை முன்வைத்தார். அந்நாட்டு மருத்துவக் கழகம் அதனை ஏற்காததால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

குழாயின் உருவாக்கம்

1880 அளவில் ஓ'டுவையர் தமது ஆய்வைத் தொடங்கினார். முதலில் இரு பிளவாக விரியும் கருவியைச் செய்தார். வீங்கிய சவ்வு அதன் இடைவெளியில் புகுந்து வழியை அடைத்தது. எனவே பிளவில்லாத முழுக் குழாயை வடிவமைத்தார். குழாயின் அகன்ற தலைப்பகுதி குரல்வளையின் மேல் தங்கி, அது கீழே விழாமல் தடுத்தது. நடுவிலிருந்த புடைப்பு, இருமலில் குழாய் வெளியே வந்துவிடாமல் காத்தது. குழந்தையின் வயதிற்கேற்பப் பல அளவுகளில் குழாய்கள் செய்யப்பட்டன. இம்முறையைப் பற்றிய இவரது கட்டுரை 1885 இல் வெளியானது.

சரியான இடத்தை அறிதல்

குரல்வளையை நேரில் பார்க்கும் கருவி அப்போது மருத்துவரிடம் இல்லை. குழந்தையைத் துணியால் சுற்றிச் செவிலியர் மடியில் நிமிர்த்தி உட்கார வைப்பர். மருத்துவர் இடக்கைச் சுட்டுவிரலால் குரல்வளை மூடியைத் தூக்கிப் பிடித்து, வலக்கையால் குழாயைச் செலுத்துவார். இதற்குச் சில நொடிகளே இருந்தன. குழாய் அருகிலுள்ள உணவுக்குழலுக்குள் சென்றுவிட்டால் மூச்சடைப்பு நீங்காது. சவ்வைக் கீழே தள்ளிவிட்டால் வழி முற்றிலும் அடைபடும்.

எனவே குழாயின் தலையில் ஒரு நூல் கட்டப்பட்டிருந்தது. குழாய் சரியாக அமைந்தால் குழந்தை இருமும்; காற்று குழாயினூடே செல்லும் ஒலி கேட்கும்; சற்று நேரத்தில் திணறல் தணியும். உணவுக்குழலுக்குள் சென்றிருந்தால் திணறல் தணியாது. விழுங்கும்போது குழாய் கீழிறங்குவதால் வாய்க்கு வெளியே உள்ள நூலும் படிப்படியாகக் குட்டையாகும். அப்போது நூலை இழுத்துக் குழாயை வெளியே எடுத்து மீண்டும் முயல்வர். இடம் உறுதியான பின்னரே நூல் அகற்றப்படும்.

பிற்காலமும் தாக்கமும்

1890 இல் பேரிங், கிட்டாசாட்டோ ஆகியோர் தொண்டை அடைப்பானுக்கான எதிர்நச்சைக் கண்டறிந்தனர். 1894 முதல் அது பரவலான பயன்பாட்டிற்கு வந்தது. தமது குழாயின் தேவையைக் குறைக்கக்கூடிய அம்மருந்தை ஓ'டுவையர் தொடக்கத்திலேயே ஏற்றுப் பயன்படுத்தினார். 1898 இல் நியூயார்க்கில் காலமானார். இந்தியாவில் முத்தடுப்பு ஊசி பரவலாக்கப்பட்ட பின் இந்நோய் வெகுவாகக் குறைந்தாலும் முற்றிலும் ஒழியவில்லை.

ஓ'டுவையரின் குழாய் ஜார்ஜ் பெல் என்பவரின் துருத்தியுடன் இணைக்கப்பட்டு, செயற்கை மூச்சு அளிக்கும் கருவியானது. நியூ ஓர்லியன்சு நகரின் ருடால்ப் மாட்டாசு அதனை மார்பு அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்.

இன்று குரல்வளைகாட்டியின் உதவியுடன், குழாய் குரல்நாண்களுக்கிடையே செல்வது நேரில் பார்க்கப்படுகிறது. வெளிவிடும் மூச்சில் கார்பன்-டை-ஆக்சைடு தொடர்ந்து வருவதைக் கருவி காட்டுவதே, குழாய் உணவுக்குழலில் இல்லை என்பதற்கு மிக நம்பகமான சான்றாகக் கொள்ளப்படுகிறது. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழலின் நீளம் ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. மட்டுமே. குழாய் சற்றே ஆழமாகச் சென்றாலும் வலது மூச்சுக்கிளைக்குள் நுழைந்துவிடும்; அப்போதும் கருவி கார்பன்-டை-ஆக்சைடைக் காட்டும். ஆதலால் மார்பின் இருபுறமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதும் அவசியமாகிறது. பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூரில் உள்ளது போன்ற மருத்துவக் கல்லூரிகள் வரை மயக்கவியல் இன்று ஒரு பாடமாக விளங்குகிறது. குழாயைச் செலுத்துவதோடு பணி முடிவதில்லை, அது இருக்குமிடத்தை உறுதி செய்தல் வேண்டும் என்ற அதன் அடிப்படை விதியை ஓ'டுவையரின் நூலிலேயே காணலாம்.