பெயரும் இடமும் தேடிய பாண்டித்துரை

இன்று வலைத்தளம் தொடங்குவோர் முதலில் தேடுவது பெயரும் இடமும்தான். இரண்டுக்கும் வாடகை உண்டு. கட்டத் தவறினால் பெயர் பிறர் கைக்குப் போய்விடலாம், தளமும் மறைந்துவிடும். இராமநாதபுரத்தில் 1867-ல் பிறந்த பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவருக்கும் இப்படியொரு தேடல் வந்தது.

1901-ல் பிரசங்கம் செய்ய மதுரைக்குப் போனார். மேற்கோள் பார்க்கக் குறளும் கம்பராமாயணமும் கேட்டார். சங்கம் வளர்த்த ஊரில் ஒரு பிரதி கிடைக்கவில்லை என்பர்! தேவர் மனம் நொந்தார்.

சொந்த ஊரிலேயே அவர் சங்கம் வைத்திருக்கலாம். ஆனால், மதுரை என்றால் தமிழர் எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டுமோ? அவ்வாண்டு செப்டம்பர் 14-ல் அங்கேயே தமிழ்ச் சங்கம் எழுந்தது. 1902-ல் பிறந்த மாத இதழுக்குச் ‘செந்தமிழ்’ என்று பெயர். ஒரே சொல், ஒருமுறை கேட்டால் போதும், மறக்காது. சேது சமஸ்தான வித்துவான் ரா. இராகவையங்கார் ஆசிரியரானார். அச்சுக்குப் பிறர் வாசலில் காத்து நிற்காமல் சங்கத்துக்கே அச்சகம். ஏடுகளும் நூல்களும் சிதறாமலிருக்கச் சொந்தப் புத்தகசாலை. வாடகை இடமே இல்லை!

1911-ல், 44 வயதில் தேவர் காலமானார். இதழ் நிற்கவில்லை.