முத்தை விளைவித்தவரும் முத்துக் குளித்தவர்களும்

எழுத்து, ஓவியம், இசை ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் ஆக்கித் தரும் இக்காலத்தில், அக்கலைகளால் வாழ்வோரின் நிலை என்னவாகும் என்ற அச்சம் எங்கும் எழுந்துள்ளது. கீரி உள்ளிட்ட மன்னார்க் கரையோர மக்களுக்கு இவ்வச்சம் முற்றிலும் புதியதன்று. முத்துக்குளிப்பை உலகெங்கும் நலிவுறச் செய்த கொகிச்சி மிகிமோட்டோவின் வாழ்வை நாம் இன்று நினைவுகூர்வது பொருத்தமாகும்.

1858 இல் ஜப்பானின் தோபா நகரில் நூடில்ஸ் விற்பவரின் மகனாகப் பிறந்தார் மிகிமோட்டோ. இளமையில் காய்கறி விற்றார். 1888 இல் முத்துச்சிப்பி வளர்க்கத் தொடங்கினார். கடல்நீரைச் செந்நிறமாக்கும் நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் சிப்பிகளுட் பெரும்பாலானவை மடிந்தன. எனினும் மனந்தளராது, மனைவி உமேயின் துணையுடன் 1893 இல் அரைவட்ட முத்தை விளைவித்தார். 1896 இல் ஆக்கவுரிமையும் பெற்றார். உருண்டை முத்தை விளைவிக்கும் முறையைக் கண்டறிந்ததில் நிஷிகாவா, மிசே ஆகியோருக்கும் பங்குண்டு. ஆயினும் புகழ் மிகிமோட்டோவையே சேர்ந்தது.

1921 இல் ஐரோப்பிய வணிகர்கள் அவரது முத்துகளைப் போலியெனத் தூற்றினர். பாரிஸில் வழக்கு நடைபெற்றது. 1924 இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. எனினும் வளர்ப்பு முத்தை அப்பெயரால் அறிவித்தே விற்க வேண்டும் என்பது பின்னர் வணிக நெறியாக நிலைபெற்றது. 1954 இல் தமது 96 ஆவது வயதில் அவர் காலமானார்.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். 1905 ஆம் ஆண்டு மன்னார்ச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் அரபு நாட்டவரும் ஒரே கடலில் மூச்சடக்கி மூழ்கினர். இங்கு தொழிலை முதலில் வீழ்த்தியது வளர்ப்பு முத்தன்று. சிப்பிப் பார்கள் வறண்டமையே ஆகும். பாரசீக வளைகுடாவிலோ 1930களின் உலகப் பொருளாதார மந்தத்துடன் வளர்ப்பு முத்தும் சேர்ந்து குளிப்போரை வறுமையில் தள்ளியது. பஹ்ரைனில் 1932 இல் எண்ணெய் கண்டறியப்பட்டதால் அங்கு மாற்றுத் தொழில் பிறந்தது. எம் கரைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

புதுமையைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. ஆனால் கருவியால் ஆனது எது, மனிதன் ஆக்கியது எது என்பதை வாங்குவோருக்கு வெளிப்படையாக அறிவிக்கச் செய்யலாம். எவரது எழுத்தையும் ஓவியத்தையும் பயின்று அக்கருவி வளர்ந்ததோ, அவர்களுக்கு உரிய பங்கைப் பெற்றுக் கொடுக்கலாம். தொழில் இழப்போருக்கு மாற்றுப் பயிற்சியை முன்கூட்டியே வழங்கலாம். எண்ணெய் கிடைக்கும் என்று காத்திருக்க எல்லோராலும் இயலாது. ஆட்சியாளர் இதனை இன்றே உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.