மழையில் பெற்ற வெற்றிக்கிண்ணம்

கடல் கடந்த மக்கள்

புதுச்சேரிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு அலைகளைத் தவிர வேறொன்றும் புலப்படுவதில்லை. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் பிழைப்புத் தேடி அக்கடல் வழியாகவே அயல்நாடு சென்றனர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரீயூனியன் முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பல்கள் சென்றன. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்குக் கப்பல்கள் சென்றன. சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், 1860 நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற இந்தியருள் முதற் கூட்டத்தார் அவர்களே. அவர்களைப் பின்பற்றி மேலும் பல்லாயிரவர் சென்றனர்.

அவர்கள் உழைப்பால் நாடு செழித்தது. அவர்களுக்கோ உரிமை கிட்டவில்லை. 1893-இல் அந்நாட்டிற்குச் சென்ற காந்தியடிகள் அம்மக்களுக்காக அறப்போர் நடத்தினார். தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளநங்கை அப்போரில் சிறை சென்று, நோயுற்று, 1914-இல் உயிர் நீத்தார். இத்தகைய மக்களின் வழித்தோன்றலாகப் பிறந்து, கோல்ஃப் விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர் செவ்சங்கர் செவ்கோலம் ஆவார். மக்கள் அவரைப் பாப்வா என்று அன்புடன் அழைத்தனர். அவரது வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இளமையும் பயிற்சியும்

பாப்வா 1928-ஆம் ஆண்டில் டர்பன் நகரையடுத்த ரிவர்சைடு என்னும் ஊரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். வறுமை அவருக்குப் பள்ளிக் கல்வியை மறுத்தது. எழுதவோ படிக்கவோ அவர் கற்றிலர். அவர் வாழ்ந்த பகுதிக்கு அருகில் பீச்வுட் என்னும் கோல்ஃப் கழகம் இருந்தது. வெள்ளையர்க்கே உரிய அக்கழகத்தில் இந்தியச் சிறுவர்கள் வேலையாட்களாக மட்டுமே நுழைய இயலும். பாப்வாவும் அங்குச் சென்று, ஆடுவோரின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து சிறு கூலி பெற்றுவந்தார்.

கோல்ஃப் என்பது பரந்த புல்வெளியில் ஆடப்பெறும் ஆட்டமாகும். சிறு பந்தை மட்டையால் அடித்து, நெடுந்தொலைவிலுள்ள சிறு குழியில் விழச் செய்தல் வேண்டும். இவ்வாறு பதினெட்டுக் குழிகளையும் ஒருவர் கடந்தாக வேண்டும். குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வென்றவராவர். வலிமையினும் பொறுமையும் கண்ணின் கூர்மையும் இதற்கு மிகுதியாக வேண்டும். வெளியும் மட்டைகளும் பெரும் பொருட்செலவு உடையவையாதலின், இது செல்வர் விளையாட்டாகவே இருந்துவந்தது.

சுமை தூக்கிய சிறுவன் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கினான். மரக்கிளையைச் செதுக்கி அமைத்த கோலே அவனது முதல் மட்டையாயிற்று. கற்பிக்க ஆசிரியர் எவருமில்லை. வலக்கைப் பழக்கமுடையோர் மட்டையைப் பிடிக்கும்பொழுது வலக்கை கீழும் இடக்கை மேலுமாக இருத்தல் மரபு. பாப்வாவோ இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். அது பிழையான பிடி என்று திருத்துவாரும் இலர். அப்பிடியிலேயே பழகி, பந்தைத் தாம் எண்ணிய இடத்தில் வீழ்த்தும் ஆற்றல் பெற்றார். பிற்காலத்தில் அம்முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

அயல்நாட்டில் பெற்ற வெற்றி

வெள்ளையரல்லாதார் தமக்குள் நடத்திய போட்டிகளில் பாப்வா பலமுறை வாகை சூடினார். எனினும் அவ்வெற்றிகளால் அவரது வறுமை தீரவில்லை. அந்நிலையில், முகப்பூச்சு செய்யும் தொழிலை டர்பனில் நடத்திவந்த கிரகாம் உல்ஃப் என்பார் அவரது திறமையை அறிந்தார். வெள்ளையராயினும் நிறம் பாராத அவர், தம் தொழிற்சாலையில் பாப்வாவுக்கு வேலை அளித்தார். அயல்நாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்ளவும் உதவினார்.

1959-ஆம் ஆண்டில் பாப்வா ஐரோப்பா சென்றார். ஹாலந்து நாட்டில் நடைபெறும் டச்சு ஓப்பன் போட்டியில் கலந்துகொண்டு, தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்று முதல்வரானார். அடுத்த ஆண்டிலும், பின்னர் 1964-லும் அவ்வெற்றியை மீண்டும் பெற்றார். பள்ளியையே அறியாத கூலியாளை அயல்நாட்டார் கைதட்டி வரவேற்றனர். ஆனால் பிறந்த நாட்டின் நிலை வேறாக இருந்தது.

மழையில் நின்ற வீரர்

தென்னாப்பிரிக்காவில் 1948-இல் ஆட்சிக்கு வந்த கட்சி, நிறத்தால் மக்களைப் பிரித்து வைப்பதையே அரசியல் கொள்கையாகக் கொண்டது. குடியிருப்பும் பள்ளியும் கடற்கரையும் நிறத்துக்கொன்றாகப் பிரிக்கப்பட்டன. விளையாட்டுக் களத்திலும் வெள்ளையரோடு பிறர் கலந்து ஆடுதல் தடுக்கப்பட்டது. சிறப்பு அனுமதி பெற்ற பின்னரே, 1963-இல் நேட்டால் ஓப்பன் போட்டியில் வெள்ளையரோடு ஆடும் வாய்ப்புப் பாப்வாவுக்குக் கிட்டியது.

டர்பன் கன்ட்ரி கிளப் என்னும் கழகத்தின் வெளியில் அப்போட்டி நடைபெற்றது. கழக மாளிகையினுள் நுழைய அவருக்கு உரிமையில்லை. ஏனைய ஆட்டக்காரர்கள் உள்ளே உடை மாற்றி, உணவருந்தி, இளைப்பாறி வந்து ஆடினர். பாப்வா அவ்வசதி எதுவுமின்றி ஆடினார். தோற்றால் தம் இனத்தார் அனைவரையும் தாழ்வாகப் பேசுவர் என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும். அச்சுமை பண்டு அவர் தோளில் சுமந்த மட்டைப் பையினும் கனமானது. ஆயினும் அவர் கை நடுங்கவில்லை. இறுதியில் வெற்றி அவருடையதாயிற்று.

பரிசளிக்கும் வேளையில் மழை பெய்தது. வெள்ளையர் மாளிகையினுள் இருந்தனர். அதன் உள்ளே உணவு பரிமாறும் பணியாளராக இந்தியர் செல்லலாம். வெற்றி பெற்ற வீரராக ஓர் இந்தியர் செல்லலாகாது! ஆதலின், பாப்வா வெளியே மழையில் நின்றபடியே வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். அக்காட்சியின் படம் பல நாட்டு நாளிதழ்களில் வெளிவந்தது. கண்டோர் நெஞ்சு கொதித்தனர். நிறவெறியின் கொடுமையை நீண்ட கட்டுரைகளினும் அவ்வொரு படம் உலகுக்குத் தெளிவாக உணர்த்தியது.

வெற்றிக்குக் கொடுத்த விலை

1965-இல் பாப்வா அதே போட்டியில் மீண்டும் வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர் கேரி பிளேயர் ஆவார். கோல்ஃப் உலகின் நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற பெருமையை அவ்வாண்டிலேயே நிறைவு செய்தவர் அவர். உலகின் முதல்வரிசை வீரர் ஒருவரை மட்டைப் பை சுமந்த ஏழை வென்றது, நிறத்தால் உயர்வு பேசியோர்க்குப் பொறுக்கவில்லை. 1966 முதல் அவர் உள்நாட்டுப் பெரும்போட்டிகளில் ஆடுதல் தடை செய்யப்பட்டது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டமையால் அயல்நாடு செல்லும் வழியும் அடைபட்டது. ஆற்றல் குன்றாத வயதில் ஆடுகளம் இழந்த அவர், மனைவி மக்களோடு மீண்டும் வறுமையில் வாடினார். 1978-ஆம் ஆண்டு, ஐம்பது வயது நிறையுமுன்னரே, மாரடைப்பால் காலமானார்.

பிற்கால மாற்றம்

பாப்வா மேடையேறிப் போராடியவர் அல்லர். அவருக்குத் தெரிந்தது ஆட்டம் ஒன்றே. எனினும், அவர் மழையில் நின்ற காட்சி விளையாட்டுலகின் மனச்சான்றைத் தட்டி எழுப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாயிற்று. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்கா கலந்துகொள்ள இசைவளிக்கப்படவில்லை. 1970-இல் அந்நாடு ஒலிம்பிக் இயக்கத்தினின்றே விலக்கப்பட்டது. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியாட்டத்தில் இந்தியா தென்னாப்பிரிக்காவை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் உடன்பிறந்தார் அவ்வணியில் இருந்தனர். கோப்பை கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா ஒதுங்கி நின்றது.

1994-இல் நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவரானார். நிறவெறி ஆட்சி மறைந்தது. 2003-இல் அந்நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்று, மறைந்த பாப்வாவுக்கு வழங்கப்பட்டது. டர்பன் நகரிலுள்ள பொதுக் கோல்ஃப் வெளியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதில் நிறவேறுபாடின்றி எவரும் ஆடலாம்.

மாணவர்களே! பாப்வா வாழ்ந்த காலத்தில் அவருக்கு நீதி கிட்டவில்லை. பின்னர் வந்த பெருமையை அவர் கண்டிலர். எனினும் கல்வியும் செல்வமும் துணை நில்லாத நிலையில், இடைவிடாப் பயிற்சியால் தம் கலையை முழுமையாகப் பெற்றார். வாயில் அடைக்கப்பட்டபோதும் அவர் ஆட்டத்தில் பிழை செய்யவில்லை. அன்று மழையில் நனைந்தது அவர் உடல். இழிவுற்றதோ கதவை அடைத்தவர்களின் பெருமையே. நம் ஊரிலும் நம் பள்ளியிலும் எவரேனும் ஒருவர் பிறப்பாலோ வறுமையாலோ வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுவாராயின், அவரை உள்ளே அழைக்கும் கை நம்முடையதாதல் வேண்டும்.