நிஜாம் மெச்சிய போட்டோக்காரர்

மீரட்டுக்கு அருகே உள்ள சர்தானாவில், 1844-ல் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர் லாலா தீன்தயாள். ரூர்க்கி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தார். 1866-ல் இந்தூரில், பொதுப்பணித் துறையில் வரைபடக்காரர் உத்தியோகம் கிடைத்தது. கட்டிடங்களை அளந்து காகிதத்தில் கொண்டு வருகிற வேலை. பிற்காலத்தில் அவர் எடுத்த படங்களில் கோவில் தூண்கள் கொஞ்சமும் சாயாமல் நிற்கின்றனவே, அந்தக் கண் இங்கே பழகியதுதான்.

1870-களில் அவருக்குக் காமிரா மீது ஆசை பிறந்தது.

அந்த நாளில் படம் பிடிப்பது லேசான காரியம் அல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூச வேண்டும். இருட்டில் வைத்து வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவவும் வேண்டும். வட நாட்டுக் கோடை வெயிலில் தகடு சில நிமிடங்களில் காய்ந்துவிடும்! அதனால் போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், தண்ணீர், சுமக்க ஆட்கள். படம் பதியவோ பல விநாடிகள் ஆகும். குதிரை தலையை ஆட்டினால், படத்தில் அதற்கு முகமே இருக்காது.

உலர்ந்த தகடு வந்தது

இங்கிலாந்து டாக்டர் ரிச்சர்ட் மாடக்ஸ் 1871-ல் ஜெலட்டின் பூசிய தகட்டுக்கு வழி காட்டினார். 1880 வாக்கில் உலர்ந்த தகடுகள் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்தன. ஈரமும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் போதும்.

தீன்தயாளின் புகழ் ஓங்கியது இதற்குப் பிறகுதான். 1882-ல் லெப்பல் கிரிபின் துரையுடன் சென்று மத்திய இந்தியாவின் கோவில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். 1886-ல் அவை புத்தகமாக வந்தன. ஐதராபாத் 6-வது நிஜாம் அவரை அரண்மனைப் போட்டோக்காரராக அமர்த்தினார். புலி வேட்டை, படைப் பயிற்சி, விருந்து என்று நடமாடும் மனிதர்கள் அவர் காமிராவுக்குள் வந்தார்கள். 1894-ல் நிஜாம் அவருக்கு ராஜா முசவ்விர் ஜங் என்ற பட்டம் கொடுத்தார். முசவ்விர் என்றால் சித்திரக்காரர்.

ஆனால் எந்தப் புதுத் தகடும் திறக்காத கதவு ஒன்று இருந்தது. கோஷா பெண்கள் ஆண் போட்டோக்காரர் முன் வரமாட்டார்கள். தீன்தயாள் என்ன செய்தார்? 1892-ல் உயர்ந்த மதில்களுக்குள் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டூடியோ அமைத்து, அதை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். என்னைக் கேட்டால், அவருடைய காரியங்களில் கெட்டிக்காரத்தனமானது இதுதான்.

1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் பெட்டிக் காமிராவைக் கொண்டு வந்தார். அதில் 100 படங்கள் எடுக்கலாம். கழுவுவதைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். வசதி உள்ளவர்கள் மெல்ல மெல்லத் தாங்களே படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். தீன்தயாளோ 1896-ல் பம்பாயிலும் ஸ்டூடியோ திறந்தார். கண்ணாடித் தகட்டை அவர் விடவில்லை. 1903 டெல்லி தர்பாரையும் படம் பிடித்தார். 1905-ல் காலமானார்.

பிலிம் சுருள் கைக்கு அடக்கம். கண்ணாடி கனம், கை தவறினால் உடையும். இருந்தும் அவருடைய தகடுகளில் 2,857 பிழைத்திருந்தன. 1989-ல் டெல்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவற்றை வாங்கி வைத்தது.