ஜானகி அம்மாள்

எடவலத்து கக்காட் ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 – பெப்ரவரி 7, 1984) இந்தியத் தாவரவியலாளரும் உயிரணு மரபியலாளரும் ஆவார். தாவரங்களின் உறவுமுறையையும் பரவலையும் அவற்றின் நிறப்புரிகளைக் (குரோமோசோம்) கொண்டு ஆராய்ந்தவர். இன்று டி.என்.ஏ. வரிசையைப் படித்து உயிரினங்களை வேறுபடுத்தும் முறைக்கு இம்முறையை மூத்தது எனலாம்.

வாழ்க்கைக் குறிப்பு

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தை ஈ. கே. கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

நிறப்புரி ஆய்வுகள்

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு செடிகள் நிறப்புரி எண்ணிக்கையில் வேறுபடலாம். செடியின் வேர்நுனியை நசுக்கி, நிறமேற்றி, நுண்நோக்கியில் எண்ணிப் பார்த்தாலே அது தெரியவரும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணிபுரிந்தார். கரும்பின் காட்டு உறவான நாணலில் நிறப்புரி எண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடுகிறது; கோயம்புத்தூர் வகையில் 64. இவ்வேறுபாடுகளையும் நாணலின் பரவலையும் ஒப்பிட்டு, அது இந்தியாவில் தோன்றியது என்று காட்டினார். கரும்பை மக்காச்சோளத்துடனும் மூங்கிலுடனும் கலப்புச் செய்தார். பெண் என்பதாலும் சாதியின் காரணமாகவும் அக்காலத்தில் இவர் ஒதுக்கப்பட்டார் என இவரைப் பற்றி எழுதியோர் கூறுகின்றனர்.

1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டிற்குச் சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது. சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் நிறப்புரி எண்களைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். பின்னர் விஸ்லியில் அரச தோட்டக்கலைக் கழகத்தில் பணியாற்றினார்.

இந்தியாவிற்குத் திரும்புதல்

இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தைச் சீரமைக்க 1951இல் ஜவகர்லால் நேரு இவரை அழைத்தார். வறண்ட வடமேற்கு இமயமலையைவிட, ஈரமும் குளிரும் மிக்க வடகிழக்கில் நிறப்புரித் தொகுதிகள் பன்மடங்கான தாவரங்கள் மிகுதி என்று இவர் கருதினார். ஓர் இடத்தில் உயிரின வளம் ஏன் பெருகுகிறது என்ற கேள்விக்கு நிறப்புரிகளில் விடை தேடியது இவரது ஆய்வின் சிறப்பாகும்.

1970இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் சேர்ந்து, மதுரவாயலில் உள்ள அதன் களஆய்வுக்கூடத்தில் வசித்தார். 1977இல் பத்மசிறீ விருது பெற்றார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, எண்பது வயதை எட்டியிருந்த இவர் அதை எதிர்த்தார். அக்காட்டுத் தாவரங்களின் நிறப்புரிகளை அளவாய்வு செய்வதிலும் ஈடுபட்டார். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒன்பது மாதங்கள் முன்பே இவர் காலமாகிவிட்டார்.

நினைவுகள்

வகைப்பாட்டியலுக்கான தேசிய விருது ஒன்று 1999 முதல் இவர் பெயரில் உள்ளது. ஒரு மக்னோலியா வகையும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் திராவிடோகெக்கோ என்னும் பல்லிப் பேரினத்தில் ஒரே இனமே உள்ளது என நெடுங்காலம் எண்ணப்பட்டது. டி.என்.ஏ. வரிசைகளையும் உடலமைப்பையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2019இல் மேலும் ஆறு இனங்களை அறிவித்தனர். அவற்றுள் ஒன்றின் பெயர் திராவிடோகெக்கோ ஜானகியே. மற்றொன்று மேகமலையின் பெயரைப் பெற்றது.