நாலூரானுக்கும் நற்பேறு வேண்டிய கூரத்தாழ்வான்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அடியேன் வசிக்கும் எம்.கே.பி. நகரில் தெருக்களெல்லாம் வெள்ளக்காடாயின. மின்சாரம் இல்லை, பால் இல்லை. அகல் விளக்கொளியில் திருவாராதனம் செய்து, வீட்டிலிருந்த அரிசியை வடித்துப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினோம். மற்ற நேரமெல்லாம் குறை கூறுவதிலேயே கழிந்தது. அப்போதுதான் திருவரங்கத்தில் கூரத்தாழ்வான் கழித்த ஒரு மழை நாள் நினைவுக்கு வந்தது.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில், தை ஹஸ்தத்தில் அவதரித்த ஆழ்வானுக்கு ஸ்ரீவத்ஸாங்கர் என்பது திருநாமம். பெருஞ்செல்வர். அன்னதானம் முடிந்து அவருடைய திருமாளிகைக் கதவு இரவில் சாத்தப்படும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவி வரை எட்டியதாம். அதைக் கேள்வியுற்று அவர் பெருமைப்படவில்லை, நாணினார். அனைத்தையும் துறந்து, உடையவரின் திருவடிகளே தஞ்சம் என்று தேவிகள் ஆண்டாளுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். வழியில் காட்டைக் கடக்கையில் ஆண்டாள் அஞ்ச, மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ அச்சம் வேண்டும் என்று வினவினார். அவர் அமுது செய்வதற்கென்று எடுத்து வந்த பொன் வட்டில் ஒன்று இருந்தது. அதையும் வாங்கி எறிந்துவிட்டு நடந்தார்.

திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியே ஜீவனம். மழை விடாது பெய்த அன்று வெளியே செல்ல இயலவில்லை. தம்பதிகள் இருவரும் பட்டினி. ஆழ்வானோ ஒரு குறையுமின்றி அனுஸந்தானத்தில் அமர்ந்திருந்தார். இரவில் பெரிய பெருமாள் அமுது செய்யும் மணியோசை கேட்டது. அடியவர் பட்டினி கிடக்க நீர் அமுது செய்கிறீரோ என்று ஆண்டாள் மனத்துக்குள் நொந்துகொண்டார். சற்று நேரத்தில் கோயில் பரிகரங்களுடன் ப்ரஸாதம் வாசலுக்கு வந்தது. நடந்ததை அறிந்த ஆழ்வான், எம்பெருமானுக்குச் சிரமம் கொடுத்தோமே என்று வருந்தி, இரண்டு திரளை மட்டும் ஏற்றுக்கொண்டார். அந்த ப்ரஸாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் அவர் தம்பியும் அவதரித்தனர் என்பது குருபரம்பரை.

பசியைப் பொறுப்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரிய சோதனை பின்னால் வந்தது. உடையவரைத் தன் சபைக்கு வருவித்துக் கையெழுத்துப் பெறச் சோழ மன்னன் ஆளனுப்பினான். ஆழ்வான் உடையவரின் காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, முதியவரான பெரிய நம்பியுடன் அவைக்குச் சென்றார். உடையவர் வெள்ளை உடுத்து மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். கையெழுத்திட மறுத்த இருவரும் கண்களை இழந்தனர். ஆழ்வான் தம் கண்களைத் தாமே களைந்துகொண்டார் என்பர். திரும்பும் வழியில் பெரிய நம்பி திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

கண்ணிழந்து வந்தவர் அரங்கனைச் சேவிக்கச் சென்றார். உடையவரின் ஸம்பந்தம் உடையவர்களை உள்ளே விடலாகாது என்பது அரச கட்டளை. ஆழ்வான் நற்குணமுடையவர், அவரை விடலாம் என்று காவலர்களில் ஒருவன் பரிந்து பேசினான். ஆசார்ய ஸம்பந்தத்தை விலக்கி, குணத்தைக் காட்டிப் பெறும் ஸேவை தமக்கு வேண்டா என்று ஆழ்வான் திரும்பிவிட்டார். பின்பு திருமாலிருஞ்சோலையில் வாழ்ந்து ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளினார். கண்ணில்லாத ஒருவர் அழகருடைய திருமேனி அழகைப் பாடியிருக்கிறார். இதை எண்ணும்போதெல்லாம் அடியேனுக்கு மேலே பேச நா எழுவதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிப் பேரேட்டில் பற்றும் வரவும் எழுதிய கை இது. இழந்ததைப் பற்றில் எழுதுவதே அடியேன் அறிந்த கணக்கு. ஆழ்வானோ, உடையவர் தப்பினார் என்ற ஒரே வரவை எழுதி ஏட்டை மூடிவிட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து உடையவர் திருநாராயணபுரத்திலிருந்து திரும்பி, ஆழ்வானின் நிலை கண்டு கலங்கினார். ஏதோ ஒரு வைஷ்ணவரின் திருமண்காப்பைக் கோணல் என்று நினைத்திருப்பேன், அந்த அபசாரத்தின் பலன் என்று ஆழ்வான் அவரைத் தேற்றினார். கண்ணைப் பெறும்படி வரதனை வேண்டுமாறு உடையவர் நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பம் செய்தார். என்ன வேண்டும் என்று வரதன் திருவுள்ளம் பற்றியபோது, அடியேன் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றார். நாலூரான் யார்? உடையவரிடமும் ஆழ்வானிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று மன்னனுக்கு யோசனை சொன்னவன்!

அடியேனுக்கும் ஒரு நாலூரான் உண்டு. பணிக்காலத்தில் பதவி உயர்வைத் தடுக்கும் குறிப்பொன்றை எழுதிய மேலதிகாரி. அவர் பரமபதித்துப் பல ஆண்டுகள் ஆயின. ஆண்டுதோறும் தை ஹஸ்தத்தன்று இந்தக் கட்டத்தைப் படிக்கையில் தொண்டை அடைக்கும். பிறகு பக்கத்தைத் திருப்பிவிடுவேன். வெள்ளம் வடிந்த அடுத்த மாதத் தை ஹஸ்தத்தில்தான் முதன்முறையாக அவருடைய பெயரையும் சொல்லிப் பெருமாள் திருமுன்பே ஸேவித்தேன். மனம் முழுதும் ஒப்பியதா என்றால், இல்லை.

தம் நியமனத்தை மறந்து நாலூரானுக்காக வேண்டினாரே என்று உடையவர் முறையிட, வரதன் இரங்கி, தன்னையும் உடையவரையும் காணும்படி ஆழ்வானுக்குக் கண் அருளினான். வேறு எதையும் காண அவர் விரும்பவில்லை.

பிற்காலத்தில் பெரிய பெருமாளிடம் மோக்ஷம் வேண்டிப் பெற்றார். அவருக்கும் அவர் ஸம்பந்தம் உடையார்க்கும் அது கிட்டிற்று என்று கேட்ட உடையவர், தமக்கும் அந்த ஸம்பந்தம் உண்டென்று காஷாய உத்தரீயத்தை மேலே வீசி எறிந்து மகிழ்ந்தாராம். ஆனால், தமக்கு முன்னே சிஷ்யர் புறப்படுவதை அவருடைய திருவுள்ளம் தாங்கவில்லை. ஏன் முந்துகிறீர் என்று வினவினார். உடையவர் அங்கு எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்க அடியார் ஒருவர் முன்னே இருக்க வேண்டாவோ என்றார் ஆழ்வான்.